ராகவன் கப்பல் ஏறிய சனிக்கிழமை

பதினொன்று பத்துக்கு போன் வரும். அடையாறு அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. வரவேற்பு மேஜையில் இருக்கும் கரோல் இணைப்பைக் கொடுப்பதற்கு முன் நிலவரத்தையும் சொல்லிவிடுவாள்.

"நிரஞ்சன், டாடி லைன்ல. நேத்து ஓநாய். இன்னைக்கு ஜெயிலாம்."

"எதுக்கு ஜெயில்?"

"எனக்கு இன்னா மேன் தெரியும்? ரொம்ப சூடா கீறாரு. நீயே பேசு."

நிரஞ்சன் எடுத்தான்.

"என்னைப் புடிச்சு உள்ள போட்டுட்டான்டா," என்றார் அப்பா. குரலில் நிஜமான அவமானம் இருந்தது.

"என்னப்பா பண்ணினேள்?"

"ஒண்ணும் பண்ணலை. ஒரு ஆத்துக் கதவு திறந்திருந்தது. வாசல்ல நின்னு கூப்பிட்டேன். பதில் இல்லை. சரி, உள்ள யாராவது இருப்பான்னு போனேன்."

"கேம்ல குரல் குடுக்க முடியாதேப்பா."

"இங்க உக்காந்துண்டுதான் கூப்பிட்டேன்."

நிரஞ்சன் சிரிக்கவில்லை. "சாயங்காலம் ஆயிடுத்துன்னா யாராத்துக்குள்ளயும் போப்படாது. காவல்காரன் புடிப்பான்."

"இதை எங்கயாவது எழுதிப் போட்டிருக்கப்படாதோ?"

"புஸ்தகத்துல இருக்கும். நம்ம கிட்ட சீடி மட்டும்தான் இருக்கு. 'ஓய்வு'ன்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்கோ, அதை மூணு தரம் அழுத்துங்கோ. மூணு நாள் ஆனா விட்டுடுவான்."

"மூணு நாள் ஆகாரம்?"

"ரொட்டி போடுவான்."

"வெறும் ரொட்டிதானே?"

"வெறும் ரொட்டிதான்."

"சரி," என்று வைத்துவிட்டார்.

நிரஞ்சன் மேஜைக்கு அடியில் காலை நீட்டினான். தோள்பை காலில் இடித்தது. பையில் ஒரு கடிதம் இருந்தது. ஜனவரி நான்காம் தேதி, திங்கட்கிழமை, நியூஜெர்சியில் வேலையில் சேர வேண்டும். சம்மதத்தை நவம்பர் முப்பதுக்குள் தெரிவிக்க வேண்டும். இரண்டாயிரம் பிறக்கும்போது கணினிகளுக்கெல்லாம் ஆண்டுக் கணக்கு குழம்பிப்போகும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த காலம் அது. பழைய நிரல்களைச் சரிசெய்யத் தெரிந்தவர்களை வாரிக்கொண்டு போனார்கள். நிரஞ்சனுக்கு அந்த வேலை தெரியும். கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. அதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. அம்மா வேதவல்லி வைகாசியில் இறந்துபோனாள். ஒரே பிள்ளை, காரியம் செய்யும் கர்த்தா அவன். வருஷம் முடிகிறவரை கர்த்தா கடல் தாண்டக் கூடாது. மாதம் தவறாமல் மாசிகம் செய்ய வேண்டும். ஐப்பசி மாசிகத்தன்று காரியம் செய்துவைக்கும் வாத்தியாரைத் தனியாக நிறுத்திக் கேட்டான். அவர் மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காலத்துல எல்லாரும் போறா. சாஸ்திரம் கூடாதுங்கறது. உங்கப்பா என்ன சொல்றார்?"

அப்பா என்ன சொல்வார் என்பதுதான் கேள்வி. சம்மதம் சொல்ல இன்னும் இருபது நாள் இருந்தது.

அப்பாவின் பெயர் ஸ்ரீனிவாசராகவன். ரயில்வே தலைமை அலுவலகத்தில், கால அட்டவணைப் பிரிவில், முப்பத்து நான்கு வருஷம் வேலை. மேஜை அகலத்துக்கு ஒரு தாள். குறுக்கே மணி, நெடுக்கே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்ந்த கோடு. ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு கோடுகள் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வெட்டிக்கொண்டால் அது விபத்து. வெட்டாமல் இருக்க, ஏதாவது ஒரு வண்டியை முந்தின ஸ்டேஷனில் நிறுத்தி வைக்க வேண்டும். எதை நிறுத்துவது, எத்தனை நிமிஷம் என்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. "அவர் போட்ட கோடு ஒண்ணுகூட தப்பா வெட்டினதில்லை," என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். "ஆத்துல மட்டும்தான் எதுக்கெடுத்தாலும் வெட்டும்," என்று சேர்த்துக்கொள்வாள்.

அம்மா போன பிறகு சித்ரகுளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டில் பேச்சு நின்றுபோனது. அப்பா தளிகை பண்ணக் கற்றுக்கொண்டார். சாத்தமுது என்கிற ரசம் மட்டும் தினமும் ஒவ்வொரு விதமாக இருந்தது. கூடத்தில் நிரஞ்சனுடைய கணினி பிளாஸ்டிக் உறை போட்டு நின்றது. சீட்டு விளையாட அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆவணியில் ஒரு பகல், சீட்டுக்கு பதிலாகப் பக்கத்தில் இருந்த கோட்டைப் படத்தை அழுத்திவிட்டார்.

ரிச்சி தெருவில் வாங்கிய சீடி அது. மந்திரவாதிகளும் பூதங்களும் திரிகிற ஒரு கற்பனை தேசம். அதில் ஒரு ஆளை உண்டாக்கி விட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம். பெயர் கேட்டது. எட்டு எழுத்துக்கு மேல் ஆங்கிலத்தில் வாங்கவில்லை. அப்பா 'ராகவன்' என்று அடித்தார், சரியாக எட்டு. தொழில் கேட்டது. வீரன், திருடன், மந்திரவாதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடைசியில் இருந்த 'பயணி'யைத் தேர்ந்தெடுத்தார்.

அன்றைக்குத்தான் முதல் போன் வந்தது.

"யாருமே என்ன பண்ணணும்னு சொல்ல மாட்டேங்கறாடா."

"இந்த கேம் அப்படித்தான்பா. நீங்களே தீர்மானிக்கணும்."

"இது ஒரு விளையாட்டா?"

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு விடவில்லை. விடாததோடு, ஒவ்வொரு நாளும் குறை சொன்னார். மூட்டையில் வைத்திருந்த உலர்ந்த மாமிசத்தை முதல் வேலையாகக் கிணற்றடியில் போட்டுவிட்டு, ஆப்பிளையே தின்று பலம் குறைந்து, நாலு படி ஏறினால் ராகவன் மூச்சு வாங்கினான். காட்டில் ஓநாய் துரத்தியது. செத்துக் கிடந்த ஒரு சிப்பாயிடம் நல்ல கவசம் இருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னான் நிரஞ்சன். "அவாத்துக்காரா யாராவது தேடிண்டு வருவா," என்றார் அப்பா. விளையாட்டை அப்படியே காப்பாற்றி வைக்கப் பத்து இடம் இருந்தது. எல்லோரும் பத்திலும் வைப்பார்கள், ஒன்று போனால் ஒன்றிலிருந்து தொடர. அப்பா ஒரே இடத்தில்தான் வைத்தார். "ஒரு ராகவனுக்கு எதுக்குப் பத்து ராகவன்?"

அந்த தேசத்துக்கும் வாரத்துக்கு ஏழு நாள். பெயர்கள்தான் வேறு. அப்பா முதல் நாளை ஞாயிறு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். திங்கள், சனி கிழக்கே கிளம்ப மாட்டார். செவ்வாய், புதன் வடக்கே மாட்டார்.

"கேம்ல சூலம் பார்க்க வேண்டாம்பா."

"பார்க்காமப் போன அன்னிக்குத்தான் ஓநாய் வந்தது."

அவனும் வேலைக்கு நடுவே, மேஜை விளிம்பில் பென்சிலால் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு குறைக்கும் ஒரு வழி சொன்னான். அம்மாவைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச வேறு ஒன்று கிடைத்துவிட்டது. ஓநாய்க்கு நெருப்பு மூட்டு. பாலத்தில் ஓடாதே. அந்தக் கிழவனுக்கு ரொட்டி கொடு.

அம்மா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். ஆறாம் நாள் காலை அப்பா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கக் கீழே போனார். அம்மாவுக்கு மூச்சு திணறியது. டாக்டர் வந்தார், தொண்டையில் குழாய் போட வேண்டும், இப்பவே கையெழுத்து வேண்டும் என்றார். நிரஞ்சன் படித்தான். கையெழுத்துப் போட்டான். அப்பா திரும்பி வந்தபோது திரை இழுத்துவிட்டிருந்தது. மொத்தம் எட்டு நிமிஷம். அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை; குழாய் இருந்தது. அதிலிருந்து ஐந்தாம் நாள் போனாள். அந்த ஆறாம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்துப்போய்விடலாமா என்று டாக்டரைக் கேட்க அப்பா நினைத்திருந்தார் என்பது பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்தது. ஆறு மாதமாக அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பர் பாதியில் ராகவன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தான்.

விளையாட்டு தொடங்கும்போதே ராகவனிடம் முத்திரை வைத்த ஒரு கடிதத்தைக் கொடுத்திருந்தார்கள். வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு பிரபுவிடம் அதைத் தொண்ணூறு நாளுக்குள் சேர்க்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல் நின்றது. ஏற வேண்டியதுதான்.

"கப்பல் எப்போ கிளம்பும்னு ஒரு போர்டு இல்லையேடா," என்றார் அப்பா போனில்.

"நீங்க ஏறினா கிளம்பும்."

"அது என்ன கப்பல்?"

"ஏறுங்கோப்பா."

பின்னால் சித்ரகுளத்து மழை கேட்டது.

"வேண்டாம்," என்றார் அப்பா. "வருஷம் திரும்பலை."

"உங்களுக்கு என்னப்பா? கர்த்தா நான்தானே."

"தெரியும்," என்றார் அப்பா. "இருந்தாலும்."

நிரஞ்சன் போனை வைத்தான். கரோல் எட்டிப் பார்த்தாள். "இன்னா, செத்துட்டாரா?"

"இல்லை. கப்பல் ஏற மாட்டேங்கறார்."

"வாந்தி வரும்னு பயமா இருக்கும், பாவம்."

அன்றைக்கு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். அறிவுக்கு ஒத்த முடிவு இல்லை, அவனுக்கே தெரியும். ஆனால் பிழை கண்டுபிடிக்கிறவன் அப்படித்தான் வேலை செய்வான். பெரிய நிரலில் கை வைக்கும் முன் சின்னதாக ஒன்றை ஓட்டிப் பார்ப்பான். அப்பா திரையில் ஒரு தடவை கடலைத் தாண்டிவிட்டால் போதும். அப்புறம் கடிதத்தைக் காட்டிவிடலாம்.

தினமும் தள்ளினான். "கடுதாசிக்குத் தேதி இருக்குப்பா. தொண்ணூறு நாள் தாண்டிடுத்துன்னா கதை போயிடும்."

"கதை போனா விளையாட்டு முடிஞ்சுடுமா?"

"முடியாது. ஊர் இருக்கும். சும்மா நடந்துண்டிருக்கலாம்."

"அப்போ என்ன அவசரம்?"

ஒரு நாள் வடக்கே போயிருந்தேன் என்றார். இன்னொரு நாள் ஊரில் உள்ள எல்லாரோடும் பேசினேன் என்றார். மீன்காரி, கொல்லன், உப்புக்காரன். வேறொரு நாள் கழுதையைக் கப்பலில் ஏற்றுவார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்று நிரஞ்சன் எரிந்து விழுந்தான். பிறகு சத்திரத்தில் அறை எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. ராகவன் 'ஓய்வு' எடுத்துக்கொண்டிருந்தான்.

டி. நகரிலிருந்து ஷெல்டன் கூப்பிட்டான். ஆட்களை அமெரிக்காவுக்கு அனுப்பும் அலுவலகம் அவனுடையது. பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்தது. "மச்சி, திங்கட்கிழமை பதினோரு மணிக்குள்ள சொல்லிடு. உன் பேரை எடுத்தா எட்டு பேர் நிக்கிறான்."

அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலை அப்பா தண்ணித்துறை மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். மறுநாள் மாசிகம். வாழைக்காய், புடலங்காய், பாகற்காய் வாங்க வேண்டும். குடையை விரித்துப் பார்த்துவிட்டு, மடக்கிக்கொண்டு இறங்கினார்.

நிரஞ்சன் கணினியின் உறையை எடுத்தான்.

ராகவன் சத்திரத்து அறையில் படுத்திருந்தான். மேலே நாள் கணக்கு: நாற்பத்து நாலு. மூட்டையில் ஆப்பிள், ரொட்டி, ஒரு கம்பளி, மூன்று கட்டு விறகு, கடிதம். இவ்வளவு விறகு எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டுப் பார்க்க யாரும் இல்லை. எழுப்பினான். கதவு, தெரு, துறைமுகம். கப்பல்காரன், ஏறுகிறாயா என்று கேட்டான். 'ஆம்' என்ற இடத்தில் நிரஞ்சன் அழுத்தினான்.

திரை இருண்டது. அலைச் சத்தம். திரை வெளுத்தபோது கல் பாலமும் கடற்பறவைகளும் தெரிந்தன. நாள் நாற்பத்து ஆறு. அக்கரை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சேமிக்காமல் அணைத்திருந்தால் ராகவன் சத்திரத்திலேயே தூங்கியிருப்பான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வைத்திருந்தது ஒரே இடம்தான். அதன் மேலேயே சேமித்தான்.

வந்தது மேல்வீட்டுக்காரர். அப்பா வர இன்னும் அரை மணி ஆயிற்று.

பையை அடுக்களையில் வைத்தார். கால் அலம்பினார். கணினிக்கு எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நிரஞ்சன் உள்ளறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கணினி விழித்துக்கொள்ளும் ஒலி, கோட்டை வாசல் திறக்கும் ஒலி. பிறகு கடற்பறவைகள். அதற்குப் பிறகு மவுஸ் சத்தம்கூட இல்லை.

"நிரஞ்சா."

"என்னப்பா?"

"நான் எங்கடா இருக்கேன்?"

அவன் கூடத்துக்கு வந்தான். "அக்கரையில."

"சத்திரத்துல தூங்கிண்டிருந்தேன்."

"ஆமாம்."

"யார் ஏத்தினா?"

"நான்தான்."

"கேக்காமயா?"

"கேட்டா மாட்டேம்பேள்." குரல் அவன் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "ரெண்டு வாரமா அதே ஊர். கடுதாசியை வெச்சுண்டு தூங்கிண்டிருக்கேள். வெறும் விளையாட்டுப்பா இது. நிஜக் கடலா?"

அப்பா மேஜை இழுப்பறையிலிருந்து நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். குறுக்கே நாட்கள், ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை. நெடுக்கே ஊர்ப் பெயர்கள். பென்சிலில் ஒரு சாய்ந்த கோடு. துறைமுகத்தில் கோடு படுத்துவிட்டது. நாற்பத்து மூன்று முதல் நாற்பத்து ஆறு வரை நிறுத்தம். பிறகு எழுந்து வடக்கே போய், வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு, அக்கரைக் கோட்டையில் முடிந்தது. எண்பத்து ஏழு.

"மூணு நாள் மிச்சம்," என்றார் அப்பா.

"இது எப்படிப்பா? தரைவழி கிடையாது. நான் ஒரு வருஷமா ஆடறேன்."

"உப்புக்காரனைக் கேட்டயா?"

"எந்த உப்புக்காரன்?"

"துறைமுகத்துல கழுதையோட நிக்கறானே. அக்கரையிலேர்ந்து உப்பு கொண்டுவந்தேங்கறான். கழுதையைக் கப்பல்ல ஏத்த மாட்டான்னு நீயே சொன்னே. அப்போ எப்படி வந்தான்?"

நிரஞ்சன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடக்கே ஆறு நாள் போய்ப் பார்த்துட்டு வந்தேன். பனி. கம்பளியும் விறகும் இருந்தா போகலாம். அதை வாங்கிச் சேர்க்கவே திங்கட்கிழமை ஆயிடுத்து. செவ்வாய் புதன் சூலம். அது கழியட்டும்னு படுத்திருந்தேன். வியாழக்கிழமை கிளம்பறதா இருந்தேன்." பென்சிலால் நாற்பத்து ஆறின் மேல் ஒரு புள்ளி வைத்தார். "பழையபடி கொண்டுவர முடியுமா?"

"முடியாது. மேலயே எழுதிட்டேன்."

"சரி."

அந்தச் 'சரி'யைத் தாங்க முடியவில்லை. நிரஞ்சன் உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்தான். கடிதத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தான். அப்பா முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் விடாமல், அலுவலகச் சுற்றறிக்கை படிப்பதைப் போலப் படித்தார்.

"முப்பது, நாளன்னிக்கு."

"ஆமாம்."

"எப்போ வந்தது?"

"தீபாவளிக்கு மறுநாள்."

அப்பா கடிதத்தை மடித்தார். மடிப்பு பழைய மடிப்பிலேயே விழும்படி மடித்தார். திரையில் ராகவன் கல் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அதான் என்னைக் கப்பல்ல ஏத்திப் பார்த்தயாக்கும்."

நிரஞ்சன் பையின் வாயை இழுத்து மூடினான்.

"அன்னிக்கும் நான் காபி வாங்கத்தான் போயிருந்தேன்," என்றார் அப்பா.

எழுந்து அடுக்களைக்குப் போனார். வாழைக்காய்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும், பித்ருக்கள் இடத்தில் உட்கார்ந்து நிமித்தம் சாப்பிட இரண்டு பேரும் வந்தார்கள். ஹோமப் புகை கூடத்தில் நின்றது. கணினி மேல் அப்பா ஒரு வேட்டியைப் போட்டு மூடியிருந்தார். தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு நிரஞ்சன் உட்கார்ந்தான்.

"அனுக்ஞை வாங்கிக்கோ," என்றார் வாத்தியார்.

ஆரம்பிக்கும் முன் வந்திருக்கிற பெரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆறு மாதமாக வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்ன வாக்கியம். அன்று வாயில் தடுக்கியது. வாத்தியார் நிமிர்ந்து பார்த்து மறுபடி எடுத்துக் கொடுத்தார். நிரஞ்சன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எதிரே இருந்தவர்கள் 'ஆகட்டும்' என்றார்கள். அப்பா நெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்; முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போய், கூடத்தை மெழுகி, அப்பா சுவரில் சாய்ந்து உட்கார மூன்று மணி ஆயிற்று. நிரஞ்சன் எதிரே உட்கார்ந்தான்.

"அப்பா, நான் போகட்டுமா?"

"எனக்கு ஆத்துக்காரி. உனக்கு அம்மா," என்றார் அப்பா. "கர்த்தா நீ. நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லணும்பா."

"எதுக்கு? நாளைக்கு அப்பாதான் சொன்னார்னு வெச்சுக்கறதுக்கா?"

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். கிளம்பவில்லை.

"குழாய் விஷயம்," என்றான் நிரஞ்சன். "நீங்க வர வரைக்கும் நிறுத்திவெச்சிருக்கலாம். எட்டு நிமிஷம்."

"தாங்கியிருப்பாளோ மாட்டாளோ. எனக்கும் தெரியாது. வந்து நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னமோ." அப்பா மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போட்டிருப்பேன்."

நிரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான். விரலில் தர்ப்பை அழுத்திய தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. வெகுநேரம் அதையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அவாளைக் கேட்டயா?" என்றார் அப்பா, வேறு குரலில். அலுவலகக் குரல் அது. "வைகாசி வரைக்கும் நிறுத்திவைப்பாளான்னு?"

"நிறுத்த மாட்டாப்பா."

"கேட்டயா?"

"இல்லை."

"என்னையும் கேக்கலை. அவாளையும் கேக்கலை. ரெண்டு பக்கமும் நீயே பதில் சொல்லிண்டுட்டே."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அலுவலகம் போய் ஷெல்டனைக் கூப்பிட்டான்.

"ஷெல்டன், ஜூன்ல சேர்றேன்னா வெச்சிருப்பாங்களா?"

"விளையாடுறியா நைனா? ஜூன்ல யாருக்கு வேணும்?"

"கேட்டுப் பாரு."

"நான் கேக்க மாட்டேன். கேட்டா இவனுக்கு இஷ்டமில்லன்னு நெனைப்பான்."

"பரவால்ல. கேளு."

அங்கே ராத்திரி. யார் வீட்டு எண்ணுக்கோ ஷெல்டன் பேச வேண்டியிருந்தது. பத்தரைக்குத் திரும்பக் கூப்பிட்டான். "சொன்னேன்ல? ஜனவரி, இல்லன்னா இல்ல. அடுத்த ஆளு என் எதிர்லயே உக்காந்துக்கினு கீறான். ஆமாவா இல்லையா, இப்பவே சொல்லு."

இப்பவே. டாக்டரும் அதே சொல்லைத்தான் சொன்னார். அன்று பேனாவை அவன் தேடக்கூட இல்லை. சட்டைப் பையில் இருந்தது.

"லைன்ல இரு," என்றான் நிரஞ்சன். போனை மேஜை மேல் வைத்தான். ஷெல்டனின் குரல் எறும்பு மாதிரி அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. இன்னும் ஆறு மாசிகம். ஜனவரியில் போனால் அதில் ஒன்றே ஒன்று செய்வான். மற்றதை யார் செய்வது என்று அப்பா கேட்கமாட்டார். வாழைக்காய் மட்டும் வாங்கி வருவார். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு போனை எடுத்தான்.

"இல்லை," என்றான்.

"பைத்தியமா நீ?"

"இல்லை. அவரை அனுப்பு. எதிர்ல இருக்கறவரை."

பதினொன்று பத்துக்கு போன் வரவில்லை.

பதினொன்று இருபதுக்குக் கரோல் தலையை நீட்டினாள். "டாடி ஊர்ல இல்லியா?" அவன் உதட்டைப் பிதுக்கினான். பதினொன்றரைக்கு வீட்டு எண்ணை அவனே சுழற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி சுழற்றினான். அடித்து ஓய்ந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி வரை போய்விட்டான். கரோல் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"நிரஞ்சன், டாடி. மூச்சு வாங்கிக்கினு பேசுறாரு."

ஓடி வந்து எடுத்தான். "எங்கப்பா போயிருந்தேள்?"

"கீழாத்துல தண்ணி வரலைன்னா. மோட்டார் போடப் போனேன். நீயா அடிச்சே?"

"ஆமாம்."

"கேட்டயா?"

"கேட்டேன். மாட்டேன்னுட்டா. நானும் மாட்டேன்னுட்டேன்."

நல்லது என்றோ, ஐயோ என்றோ அவர் சொல்லிவிடக் கூடாதே என்று நிரஞ்சனுக்கு இருந்தது.

"கேட்டயோன்னோ," என்றார் அப்பா. "அது போறும்."

"நீங்க எங்க இருக்கேள்?" என்றான் நிரஞ்சன்.

"திரும்பிண்டிருக்கேன். அக்கரையிலேர்ந்து தரைவழியா."

"கடுதாசி? கோட்டை அங்கேயே பக்கத்துலதானே. குடுத்துட்டு வந்திருக்கலாமே."

"ஏறினவன் நான் இல்லையே. நான் கிளம்பின இடத்துக்குப் போய்ட்டு, அப்புறம் பார்த்துக்கறேன். தேதி தாண்டினாத் தாண்டட்டும். ஊர் இருக்கும்னியே." குரல் தணிந்தது. "இங்க ஒரு சிக்கல். கணவாய் மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் பாறை. நடுவுல ஒரு கரடி. என்ன பண்றது?"

நிரஞ்சன் பையைத் தோளிலிருந்து இறக்கினான். பென்சிலை எடுத்தான். தட்டவில்லை.

"தெரியலைப்பா. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை."

"நீயும் புதுசா?"

"புதுசுதான். கரடி நிக்கறதா, வரதா?"

"நிக்கறது. என்னையே பார்த்துண்டு நிக்கறது."

"அப்போ நீங்களும் நில்லுங்கோ. அது வழி விடறதான்னு பார்ப்போம்."

"நின்னுண்டிருக்கேன்," என்றார் அப்பா.